தெளிந்த நீரும் ஒளியின் சாட்சியும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற முதுமொழி. இது வழக்கு மன்றத்துக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் மட்டுமே உரியதென்று எண்ணுவோர் பலர். ஆனால், நாள்தோறும் நம் வீட்டுக் குடத்தில் நிறையும் தண்ணீருக்கும் இம்மொழி சிறிதும் பிசகாமல் பொருந்தும். பளிங்கு போலத் தெளிந்திருக்கும் நீரில் உலோக நஞ்சு கரைந்திருக்கலாம்; செம்மண் கலங்கிய நீரில் அந்நஞ்சு அறவே இல்லாமலும் இருக்கலாம். ஒன்றைக் கண்டு மகிழ்வதும் மற்றொன்றைக் கண்டு மருள்வதும் விசாரணை ஆகா. அப்படியாயின் தண்ணீரைத் தீர விசாரிப்பது எங்ஙனம்? யாரைச் சாட்சிக்கு அழைப்பது? ஒளியைச் சாட்சிக்கு அழையுங்கள் என்று விடை தருகிறது அறிவியல்.

எல்லைக்கோடு அறியாத நீர்

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி நின்று நோக்குவோருக்கு, கீழே வயல்களும் ஏரிகளும் விரிந்து கிடப்பதும், வடக்கே ஆந்திர மாநிலத்து நகரி மலைகள் எழுந்து நிற்பதும் தென்படும். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இவ்வூர் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மொழியை ஒட்டி மனிதர் வகுத்துக்கொண்ட அக்கோட்டை நீர் அறியாது. நகரிப் பக்கத்தில் பெய்யும் மழைநீர் எல்லையைக் கடந்து வந்து கொசஸ்தலையாற்றில் கலக்கிறது. பாலாற்று நீரைப் பெறும் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினால் அதன் உபரியும் இவ்வாற்றையே நாடி வருகிறது. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கிச் சென்னை மாநகரின் தாகத்தைத் தீர்ப்பதும் இந்த ஆற்று நீரே. ஓர் ஊரார் வாய்க்காலில் விடுவது மற்றோர் ஊராரின் குடத்தில் வந்து சேரக்கூடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

இப்பகுதி நெசவுக்குப் பெயர் பெற்றது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை முதலிய நம் ஊர்களிலும், எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர் ஆகிய ஊர்களிலும் தறியோசை கேட்காத தெரு அரிது. தறிக்கு நூல் வேண்டும். நூலுக்குச் சாயம் வேண்டும். சாயத்துக்குத் தண்ணீர் வேண்டும். சில சாயங்களில் செம்பும் குரோமியமும் போன்ற உலோகங்கள் அடங்கியுள்ளன. சாயக் கழிவு வண்ணத்தோடு ஓடும்போது கண்ணுக்குப் புலப்பட்டுவிடுகிறது, மக்கள் விழித்துக்கொள்கின்றனர். வண்ணம் நீங்கிய பின்னரும் நீரில் கரைந்து நிற்கும் உலோகமே நாம் அஞ்ச வேண்டியது. அதன் கொடுமையை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சோளிங்கர் வழியாகச் சென்றால், அடுத்த மாவட்டமான இராணிப்பேட்டை அதைச் சொல்லும்.

இராணிப்பேட்டை கற்பிக்கும் பாடம்

நம் நாட்டில் தோல் பதனிட ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளே தொன்றுதொட்டுப் பயன்பட்டு வந்தன. அம்முறையில் தோல் பதமாவதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். குரோமிய உப்பைக் கொண்டு பதனிட்டாலோ ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். தோலும் மென்மையாக அமையும். ஆகவே குரோமிய முறை விரைந்து பரவியது. ஆனால், தொட்டியில் இடும் குரோமியம் முழுவதையும் தோல் ஏற்றுக்கொள்வதில்லை. வழக்கமான முறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது.

குரோமியத்துக்கு இரு முகங்கள் உண்டு. தோல் பதனிட உதவும் மூன்று இணைதிறன் குரோமியம் அத்துணை நச்சுத்தன்மை உடையதன்று. ஆறு இணைதிறன் குரோமியமோ நீரில் எளிதில் கரைந்து நெடுந்தொலைவு பரவும். தோலில் ஆறாத புண்களை உண்டாக்கும். அதன் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளரின் மூக்கின் நடுச்சுவரைத் துளைக்கும். நுரையீரலில் புற்றுநோய்க்கு வித்திடும். கனிமத்திலிருந்து குரோமிய வேதிப்பொருள்களை உற்பத்தி செய்யும் ஆலைகளின் கழிவில் இருப்பது இந்த இரண்டாம் முகமே.

இராணிப்பேட்டையில் 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம், இரண்டு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவைத் தன் வளாகத்திலேயே குவித்துவிட்டுச் சென்றது. மழை பெய்யுந்தோறும் அக்குவியலினின்று குரோமியம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. 2006ஆம் ஆண்டில், உலகிலேயே மிகவும் மாசுற்ற பத்து இடங்கள் என்று பிளாக்ஸ்மித் என்னும் அமெரிக்க அமைப்பு வெளியிட்ட பட்டியலில் செர்னோபிலோடு இராணிப்பேட்டையும் இடம் பெற்றது. 2015ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அங்குள்ள பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டனர். ஆலை மூடப்பட்டால் ஆபத்தும் மூடப்பட்டுவிடும் என்று நம்பியிருப்பது பேதைமையன்றோ?

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். குடிநீரில் குரோமியம் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய தர நிர்ணயம். ஆயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கரைந்துள்ள குரோமியம் முழுவதையும் திரட்டினால் இரண்டு மூன்று அரிசி மணிகளின் எடைதான் இருக்கலாம். அதற்கு மேற்பட்டால் அந்நீர் குடிக்கத் தக்கதன்று. இத்துணைச் சிறிய அளவைக் கண் காணாது, நாக்கு அறியாது, மூக்கும் முகராது. இங்கேதான் ஒளி நமக்குத் துணையாக வருகிறது.

மஞ்சளும் சுண்ணாம்பும்

மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் குருதிச் சிவப்பாக மாறும் விந்தையை, ஆலத்தி எடுக்கும் நம் தாய்மார்கள் நன்கு அறிவர். அந்தச் சிவப்பு சுண்ணாம்பு அங்கே இருப்பதை அறிவிக்கிறது. இதைப் போலவே, ஆறு இணைதிறன் குரோமியம் கலந்த நீரை அமிலமாக்கி, டைஃபீனைல் கார்பசைடு என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தால் நீர் செவ்வூதா நிறம் கொள்ளும். குரோமியம் மிகுந்தால் நிறமும் அடர்த்தியாகும்.

நிறம் அடர்ந்தது என்று சொல்வது போதாது. எத்துணை அடர்ந்தது என்று எண்ணால் சொல்ல வேண்டும். ஒரு பொருள் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்வதை அறிவியலார் உட்கவர்தல் என்பர். செவ்வூதா நீர் பச்சை ஒளியை உட்கவர்ந்துகொள்கிறது. விழுங்காமல் விட்ட ஒளியே செவ்வூதாவாக நம் கண்ணை வந்தடைகிறது. ஆகவே ஆய்வுக்கூடத்தில் 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை அந்நீரின் ஊடே செலுத்தி, நுழைந்தது எவ்வளவு, வெளிவந்தது எவ்வளவு என்று கருவியால் அளக்கின்றனர். குறைந்த ஒளியே குரோமியத்தின் கணக்கு.

இதற்கு அடிப்படையான விதியைப் பிரெஞ்சு அறிஞர் பூகே 1729இலும், லாம்பெர்ட் 1760இலும், செருமானியரான பீர் 1852இலும் படிப்படியாக வகுத்தனர். சாளரத்தில் ஒரு திரையிட்டால் பாதி வெளிச்சம் உள்ளே வருகிறது என்று கொள்வோம். அதே போன்ற மற்றொரு திரையையும் சேர்த்தால் வெளிச்சம் அறவே நின்றுவிடுவதில்லை. அந்தப் பாதியில் பாதி, அதாவது கால் பங்கு, உள்ளே வரும். மூன்றாவது திரையிட்டால் அரைக்கால் பங்கு வரும். நீரில் கரைந்த பொருள் இரு மடங்காவதும் திரையை இரு மடங்காக்குவதும் ஒன்றே. ஆதலால், அளவு தெரிந்த கரைசல்கள் சிலவற்றை முதலில் அளந்து கோடு வரைந்துகொண்டால், அளவு தெரியாத நீரின் குரோமியத்தை அக்கோட்டைக் கொண்டு கண்டுகொள்ளலாம்.

ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு கையொப்பம்

எல்லா உலோகங்களும் இவ்வாறு வண்ணம் காட்டித் தம்மை வெளிப்படுத்துவதில்லை. ஒரே நீரில் ஈயமும் காட்மியமும் நிக்கலும் கலந்திருந்தால் என்ன செய்வது? இதற்கான விடை வானத்திலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

1814இல் செருமானியரான பிரான்ஹோபர் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து ஆராய்ந்து, வண்ணப் பட்டையின் குறுக்கே நூற்றுக்கணக்கான கருங்கோடுகளைக் கண்டார். அவை ஏன் தோன்றின என்பதை 1859இல் கிர்க்காஃப் விளக்கினார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் மட்டும் ஒளியை உட்கவர்கிறது. எனவே ஒவ்வொரு கருங்கோடும் ஒரு தனிமத்தின் கையொப்பம் ஆகும். உரோமை நகரில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் மேல் வானாய்வுக்கூடம் அமைத்த ஏசு சபைக் குரு ஆஞ்சலோ செக்கி, 1860களில் இக்கோடுகளைக் கொண்டே விண்மீன்களை வகைப்படுத்தினார். 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது, நம் அண்டை மாநிலத்துக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் சூரியப் பிழம்புகளின் ஒளியை ஆராய்ந்தார். அவ்வாண்டு காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடு, பின்னர் ஹீலியம் என்று பெயர் பெற்ற புதிய தனிமத்தின் கையொப்பமாய் அமைந்தது. விண்ணிலுள்ள பொருளையே இனங்காட்டிய ஒளி, நம் வாய்க்கால் நீரிலுள்ளதை இனங்காட்டாதோ?

அதனைச் செய்து காட்டியவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பணியாற்றிய ஆலன் வால்ஷ். அக்காலத்தில் உலோகத்தைச் சுடரில் இட்டு அது உமிழும் ஒளியை அளந்து வந்தனர். சுடரிலுள்ள அணுக்களில் மிகப் பெரும்பாலானவை ஒளி உமிழாமலே இருக்கின்றன. எனவே உமிழும் ஒளியை விட்டு, அவை உட்கவரும் ஒளியை அளப்பதே மேல் என்று 1952இல் அவருக்குத் தோன்றியது. 1955இல் அதனை வெளியிட்டார். அணு உட்கவர் நிறமாலைமானி என்னும் கருவி இவ்வாறு பிறந்தது.

இக்கருவியின் நுட்பம் எளிது. ஈயத்தைத் தேட வேண்டுமாயின் ஈயத்தாலான மின்வாய் கொண்ட விளக்கை ஏற்றுவர். குரோமியமாயின் குரோமிய விளக்கு. அவ்விளக்கு அந்த உலோகத்துக்கே உரிய ஒளியை மட்டும் தரும்: குரோமியத்துக்கு 357.9 நானோமீட்டர், ஈயத்துக்கு 283.3; காட்மியத்துக்கு 228.8. சோதிக்க வேண்டிய நீரை மெல்லிய பனித்துளியாக்கி, இரண்டாயிரம் டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமுள்ள சுடரில் செலுத்துவர். நீர் ஆவியாகி, உப்புகள் சிதைந்து, உலோகம் தனித்தனி அணுக்களாக நிற்கும். விளக்கின் ஒளி அச்சுடரைக் கடக்கும்போது, தன் இன அணுக்கள் அங்கிருந்தால் மட்டுமே குறையும். வேறு உலோகங்கள் எத்தனை இருந்தாலும் அந்த ஒளியைத் தொடுவது அரிது. இன்னும் நுண்ணிய அளவுக்குச் சுடருக்குப் பதிலாகக் கிராபைட் உலையைப் பயன்படுத்துவர். பாதரசத்துக்குச் சுடர் வேண்டுவதில்லை. அதன் குளிர்ந்த ஆவியே போதும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

சாட்சி உண்மை சொன்னாலும், கேட்பவர் சரியாகக் கேட்க வேண்டுமன்றோ? நிறமாலைமானி சொல்வது மொத்தக் குரோமியத்தை; செவ்வூதாச் சோதனை சொல்வது ஆறு இணைதிறன் குரோமியத்தை மட்டும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஆறு இணைதிறன் குரோமியம் 0.1 மில்லிகிராம் என்பன நடுவண் அரசின் சுற்றுச்சூழல் விதிகள் வகுத்த வரம்புகள். இவற்றில் எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று கேளாமல், குரோமியம் குறைவுதான் என்ற பேச்சை மட்டும் ஏற்கலாகாது.

மற்றொரு சூழ்ச்சியும் உண்டு. கழிவோடு நல்ல நீரை ஊற்றிக் கலந்தால் லிட்டர்க் கணக்கு குறையும்; ஆற்றைச் சேரும் நஞ்சு ஓர் இம்மியும் குறையாது. வரம்புக்கு உட்பட்ட 2 மில்லிகிராமே ஆயினும், நாள் ஒன்றுக்குப் பத்து இலட்சம் லிட்டர் வெளியேறினால் குரோமியம் நாள்தோறும் இரண்டு கிலோ. எனவே செறிவை மட்டுமன்றி ஓடும் அளவையும் கேட்க வேண்டும். பட்டப்பகலில் எடுத்த ஒரு புட்டி நீர் நள்ளிரவில் திறந்துவிட்டதைச் சொல்லாது. நாள் முழுவதும் இடைவிட்டு எடுத்துக் கலந்த மாதிரியே நம்பத்தக்கது.

எண் இல்லாத இடத்தில் நீதி எவ்வளவு தாமதமாகும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா சான்று. அங்கே கைகால் இழுத்துக்கொள்ளும் விந்தை நோய் 1956இல் அறிவிக்கப்பட்டது. ஆலைக் கழிவின் பாதரசமே காரணம் என்று அரசு ஏற்றுக்கொண்டதோ 1968இல். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் மக்கள் கடல் மீனை உண்டுகொண்டே இருந்தனர்.

நம் வட ஆர்க்காட்டு மக்களும் நெடுங்காலம் போராடினர். 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்னும் வேளாண் ஆய்வுக் கணக்கு நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்பதும், தீங்கு நேருமுன்னரே காக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று நிலைநாட்டியது. ஆயினும் பாலாற்றின் துயரம் தீரவில்லை. 2025ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு வழங்கி அதனை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. உழவனின் கண்ணீரை நீதிமன்றம் கண்டது உண்மையே. ஆனால் தீர்ப்பை எழுத உதவியவை அளந்தறிந்த எண்கள்.

நாம் செய்யத் தக்கது

அன்பு வாசகர்களே, இக்கருவியை நாம் வீட்டில் வைத்துக்கொள்ள இயலாது. ஆனால் அதனிடம் ஒரு புட்டி நீரை அனுப்ப இயலும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடங்கள் உண்டு. கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் நீரைச் சோதித்துக்கொள்ளலாம். உப்பு, கடினத்தன்மை, புளோரைடு போன்ற வழக்கமான சோதனைகளில் குரோமியமும் ஈயமும் தாமாக அடங்கிவிடா. அவற்றைச் சோதிக்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதிக் கேளுங்கள். அச்சோதனை எந்த ஆய்வுக்கூடத்தில் நடைபெறும் என்பதையும் கேட்டறியுங்கள்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். தூய்மையான பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் இருமுறை அலசி நிரப்ப வேண்டும். நாள், நேரம், இடம் ஆகியவற்றைப் புட்டியின்மேல் எழுத வேண்டும். உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டாதிருக்கச் சிறிது நைட்ரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். அதனை ஆய்வுக்கூடத்தாரே செய்வது நன்று. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான புட்டியில் அமிலம் சேர்க்காமல், குளிர்ச்சியாக வைத்து, ஒரு நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டும். கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் சோதித்தால் உண்மை இன்னும் துலங்கும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், உலோகம் சாகாது. நீர் ஆவியாகக் குறைவதால் உலோகத்தின் செறிவு சற்றே கூடவும் செய்யும். துணியில் வடிகட்டுவதாலும் கரைந்த உலோகம் நீங்காது. சோதனையில் வரம்பு மீறியதென்று தெரிந்தால், அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதை உடனே நிறுத்தி, ஊராட்சிக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆய்வறிக்கையின் நகலோடு எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு வீட்டார் தனியே எழுதுவதைவிடத் தெருவே சேர்ந்து கையெழுத்திட்டு எழுதுவது வலிமை தரும்.

இதில் யாருக்கும் பகையில்லை. தோல் தொழிலையும் சாயத் தொழிலையும் நம்பி எண்ணற்ற குடும்பங்கள் வாழ்கின்றன; அத்தொழிலாளரின் குழந்தைகளும் அதே கிணற்று நீரைத்தான் குடிக்கின்றன. குரோமியத்தை மீட்டு மறுபடியும் பயன்படுத்தும் முறைகளைச் சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துத் தந்துள்ளது. கழிவை ஒழுங்காகச் சுத்திகரிக்கும் முதலாளிக்கு அளந்தறிந்த எண் ஒரு காவல். ஏமாற்றுபவருக்கு மட்டுமே அது அச்சம். வீண் வதந்தியால் ஓர் ஆலையைப் பழிப்பதும் அநீதி. நீர் தெளிவாகத்தானே இருக்கிறது என்று கூறி அயலாரின் கிணறு கெடுவதைக் கண்டும் வாளாவிருப்பதும் அநீதி. இவ்விரு அநீதிகளினின்றும் நம்மைக் காப்பது தீர விசாரித்தல் ஒன்றே. சாட்சி சொல்ல ஒளி ஆயத்தமாக இருக்கிறது. புட்டியை நிரப்பி அனுப்ப வேண்டியவர்கள் நாமே.